நான்காவது கட்டத்தில் நிலா

சென்ற மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், படக்கதை வரைகிற இளைஞர்கள் கூடினார்கள். படக்கதை வரைந்து ஓய்வுபெற்றவள் என்று என்னையும் அழைத்து முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். இப்போது யாரும் காகிதத்தில் வரைவதில்லை. கண்ணாடிப் பலகையில் பேனாவை ஓட்டுகிறார்கள், பிடிக்காவிட்டால் ஒரு தட்டுத் தட்டி அழித்துவிடுகிறார்கள். ஒரு பக்கத்தை வெளியிட்டால் பத்தாவது நிமிடத்தில் வாசகர்கள் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்களாம். எங்களுக்கெல்லாம் திட்டு வந்து சேரவே பத்து நாள் பிடிக்கும்.

மயிலத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து, வாசகர்கள் சொல்வதைக் கேட்டுக் கதையை மாற்றலாமா, கூடாதா என்று கேட்டாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னேன். கை தட்டினார்கள். திண்டிவனத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் நான் சொன்னது பதிலே இல்லை என்று பட்டது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் மாத இதழில் இருபத்தாறு வருடம் ஓவியராக இருந்தேன். அதில் பதினாறு வருடம் ஒரே ஒரு தொடரை வரைந்தேன். ‘நிழல்நடை கிரி’ என்று பெயர். முகமூடி போட்டு இருட்டில் மறைந்து திரியும் ஜப்பானிய வீரனின் கதை, நிஞ்ஜா கதை.

கற்றுக்கொண்ட கதை சின்னது. கிளியனூர்ப் பக்கம் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியவர்கள். எனக்குக் கணக்கு வரவில்லை, படம் வந்தது. ஓவிய ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினேன், வேலைதான் கிடைக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு பேனர் கடையில் மூன்று வருடம் தலைவர்களின் முகங்களை வரைந்தேன். அதற்குள் கல்யாணம், ஒரு மகன். பிறகு விழுப்புரத்து இதழில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவ்வளவுதான்.

ஆசிரியர் பெயர் தணிகாசலம். இதழும் அவருடையதுதான். ஒல்லியான மனிதர், எப்போதும் நின்றுகொண்டே பக்கங்களைப் பார்ப்பார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக் காகிதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து வைத்திருப்பார். நான் கொண்டுபோகும் பக்கத்தில் பேச்சு இருக்கிற இடங்களையெல்லாம் அந்தத் துண்டுகளால் மூடிவிட்டு, படத்தை மட்டும் பார்ப்பார். பேச்சு இல்லாமலே கதை புரிந்தால் பக்கத்தை மேசையின் இடது பக்கம் வைப்பார். புரியாவிட்டால் என் கையிலேயே திருப்பித் தருவார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இடது பக்கம் வைத்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

வேலை இப்படி நடக்கும். மாதம் இருபத்திரண்டு பக்கம். முதல் வாரம் கதையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பேன். அதைப் பெரும்பாலும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சரிலேயே முடித்துவிடுவேன். இரண்டாவது வாரம் நீலப் பென்சிலில் வரைவது. நீலம் அச்சில் விழாது, அதனால் அழிக்கத் தேவையில்லை. மூன்றாவது வாரம் நிப்பில் மை தொட்டுக் கோடு, பிரஷ்ஷில் கறுப்பு. நிஞ்ஜா கதை என்பதால் கறுப்பு நிறைய போகும். நான்காவது வாரம் எழுத்து. பின்னால் கம்ப்யூட்டர் வந்து எழுத்து வேலை மட்டும் போனது, மற்றதெல்லாம் கடைசிவரை கையால்தான்.

நிஞ்ஜாவை நான் தேர்ந்தெடுக்கவில்லை. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜப்பானியப் படக்கதைகள் நாலைந்தை ஆசிரியர் ஒருநாள் என் மேசையில் போட்டார். கறுப்பு வெள்ளை, வலது பக்கத்திலிருந்து தொடங்கும் புத்தகங்கள். ஓர் எழுத்தும் புரியவில்லை, ஆனால் கதை புரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நூலகத்து அகராதியில் தேடியபோது ஜப்பானிய மொழியில் கிரி என்றால் மூடுபனி என்று இருந்தது. அதையே பெயராக வைத்தேன்.

வாசகர்கள் மூடுபனியை எங்கே கண்டார்கள்? கிரியை உள்ளூர்ப் பையனாகவே எடுத்துக்கொண்டார்கள். கிரி அண்ணனுக்குச் சொந்த ஊர் மயிலமா என்று கேட்டு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. திருவாமாத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவர் மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடுவார். தன் மகனுக்குக் கிரி என்றே பெயர் வைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வேலையை நிறுத்திவிட வேண்டும். டீ வரும். பிழைதிருத்துபவர் கடிதங்களைச் சத்தமாகப் படிப்பார். வாட்ஸப் வந்த பிறகு குரல் பதிவுகளையும் மேசை மேல் போனை வைத்துப் போடுவோம். புகழ்ச்சியோ வசையோ எல்லாவற்றையும் எல்லோரும் கேட்க வேண்டும் என்பது ஆசிரியரின் உத்தரவு. அவற்றில் மூன்றுக்காவது நான் என் கைப்படப் பதில் எழுத வேண்டும்.

தொடரின் எட்டாவது வருடத்தில் அப்படியொரு சனிக்கிழமை அந்தக் குரல் வந்தது.

“வணக்கம் சார். மரக்காணம் பக்கத்துலருந்து பேசறேன். எம் பேரு அஞ்சப்பன், கடல் தொழிலு. எம் பொண்ணு சுபிதா ஆறாவது படிக்குது. உங்க புக்குல கிரி கோட்டைலருந்து குதிக்கறத பாத்துட்டு, வல பின்ற கூடத்து சஜ்ஜா மேல ஏறி குதிச்சிடுச்சி. முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பும் போச்சி. நான் கேஸு கீஸுன்னு வரல சார். படம் போட்டவர ஒரு வாட்டி வந்து அதாண்ட சொல்லச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்கல. கட்டு பிரிச்சதும் மறுக்கா குதிப்பேன்னு சொல்லிக்கினு கீது.”

டீ ஆறிப்போனது. ஆசிரியர் பதிவை இன்னொரு முறை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, நான் போக வேண்டாம் என்றார். போனால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அடுத்த இதழிலிருந்து ‘இதைச் செய்து பார்க்காதீர்கள்’ என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிடலாம் என்றார். அந்த வரியைப் போடுங்கள் சார், நானும் போய் வருகிறேன் என்றேன். அவர் பேச்சைத் தாண்டி நான் எதையாவது செய்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மரக்காணம் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அஞ்சப்பன் வாசலில் நின்றிருந்தார். படம் போட்டவர் பெண்பிள்ளை என்று அவர் நினைக்கவே இல்லை. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அவர் மனைவி மீன் கூடையோடு வியாபாரத்துக்குப் போயிருந்தார். உள்ளே இரும்புக் கட்டிலில் அந்தப் பெண், தொடைவரை மாவுக்கட்டோடு, காலைத் தலையணைகள் மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். கட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கிரியின் முகமூடியை வரைந்திருந்தாள். கண்கள் கொஞ்சம் கோணல், ஆனால் கிரிதான்.

பஸ்ஸில் வரும்போதே பேச வேண்டியதைத் தயார் செய்திருந்தேன். கிரி கற்பனை, மனிதர்களால் அது முடியாது, படத்தில் எல்லாம் நடக்கும். சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து அந்த இதழை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, கட்டங்களின் மேல் விரலை வைத்துக்கொண்டு பேசினாள்.

“மொத கட்டத்துல நிக்கறான். நானும் நின்னேன். ரெண்டாவதுல முட்டிய மடக்கறான், நானும் மடக்குனேன். மூணாவதுல கைய விரிச்சிக்கினு பறக்கறான். அஞ்சாவதுல நடந்து போய்க்கினு இருக்கான். நாலாவதுல நிலாவ போட்டுட்டீங்க. எறங்கறது எங்க மிஸ்?”

நான் இதழைப் பார்த்தேன்.

“அத மட்டும் போட்டிருந்தீங்கன்னா ஒழுங்கா எறங்கியிருப்பேன்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு படியை விட்டுவிட்ட டீச்சரிடம் சொல்வது மாதிரி சொன்னாள். பிஸ்கட் பொட்டலத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோ மேலிருந்த பழைய இதழ்களையெல்லாம் இறக்கித் தரையில் பரப்பினேன். கிரி குதிக்கிற இடங்களைத் தேடினேன். எல்லாவற்றிலும் இறங்குகிற கட்டத்தில் வேறு எதையோ வரைந்திருந்தேன். நிலா, ஆந்தை, ஆடுகிற ஒரு மூங்கில் இலை, பயந்துபோன காவலாளியின் கண். இல்லாவிட்டால் வெறும் தூசி. எட்டு வருடத்தில் ஓர் இடத்தில்கூடக் கிரியின் பாதம் தரையைத் தொடவில்லை.

அழகுக்காக அப்படிச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. எனக்குப் பாதம் வரைய வராது. பேனர் கடையில் தலைவர்களை மார்புவரைதான் வரைவோம். உடம்பின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கிற பாதத்தை வரைய நான் கற்கவே இல்லை. தேதி நெருங்கும்போதெல்லாம் நிலாவைப் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியரும் வெள்ளைத் துண்டுகளை வைத்துப் பார்த்துவிட்டு இடது பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். கதை புரிந்தது, அதனால் யாருக்கும் குறை தெரியவில்லை. பதினொரு வயதுப் பெண்ணின் கண்ணில் பட்டுவிட்டது.

அந்த வாரமே முடிவெடுத்தேன். கிரி விழுவான். தானியக் கிடங்கின் மதிலிலிருந்து குதிக்கும்போது, தரையில் கிடக்கிற ஓடு அவன் காலுக்கடியில் புரளும். எலும்பு முறியும். பச்சிலை கிடையாது, ரகசிய மருந்து கிடையாது. சுபிதாவின் எலும்பு எப்போது சேர்கிறதோ அப்போதுதான் கிரியின் எலும்பும் சேரும்.

ஆசிரியர் பக்கங்களை நின்றபடி பார்த்தார். அவன் எத்தனை மாதம் படுத்திருப்பான் என்று கேட்டார். எலும்பு சேரும்வரை என்றேன்.

“அத ஒரே கட்டத்துல சேத்துடலாமேம்மா” என்றார்.

“அந்த வேலையத்தான் சார் இத்தன வருஷமா பண்ணிக்கினு இருந்தேன்.”

மூன்று இதழ் தருகிறேன், மூன்றாவது இதழில் அவன் எழுந்திருக்காவிட்டால் தொடரை மூடிவிடுவேன் என்றார். அவர் சொன்னால் செய்வார்.

முதல் மாதம் வந்த கடிதங்கள் பரபரப்பாக இருந்தன. அந்த ஓட்டுத் துண்டை அங்கே போட்ட துரோகி யார் என்று ஆளுக்கொரு பெயர் எழுதினார்கள். இரண்டாவது மாதம் அந்தப் பரபரப்பு கோபமாகிவிட்டது. படுத்துக்கினு இருக்கறவனுக்குப் பேரு நிஞ்ஜாவா என்று ஒரு குரல் கேட்டது. திண்டிவனத்துப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு முழுவதும் கையெழுத்துப் போட்டு, கிரியை உடனே எழுப்ப வேண்டும் என்று மனு அனுப்பியது. திருவாமாத்தூர் மளிகைக்காரர் எழுதிய அஞ்சலட்டை இன்னும் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. கால் உடைந்து கிடக்கிறவனின் பெயரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகத் தன் மகன் கூச்சப்படுகிறான், இனிமேல் இந்த இதழ் எங்கள் வீட்டுக்குள் வராது என்று எழுதியிருந்தார். அதற்கு நான் எழுதிய பதிலுக்குப் பதில் வரவில்லை. அவர் பிறகு எழுதவே இல்லை. இன்றுவரை அந்த வருத்தம் எனக்கு உண்டு.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் இதழ்க் கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். கூட வேலை செய்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாம் கிரி கண்ட கனவு என்று முடித்துவிடலாம், அவனுக்கு ஒரு தம்பியைக் கொண்டுவரலாம் என்றெல்லாம். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். நான் கேட்கவில்லை.

அந்த மாதங்களில் நான் பாதம் வரையக் கற்றுக்கொண்டேன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். நோயாளிகளிடம் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமைகளில் தன் அறையின் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தாள். நடக்கிறவர்களின் காலை மட்டும் வரைந்தேன். எந்த விரல் அழுந்துகிறது, எப்போது குதிகால் தூக்குகிறது, வலி வந்தால் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது. நோட்டு நோட்டாக வரைந்தேன். மாதம் ஒருமுறை மரக்காணம் போய் சுபிதாவையும் வரைந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்த அன்று வரைந்ததுதான் கிரி எழுந்து உட்கார்ந்த பக்கம். அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் படத்துக்கு முகமூடி போட்டிருக்கிறீர்கள் என்று சிரித்தாள்.

பிறகு கட்டுப் பிரித்தார்கள். நாலைந்து நாளில் அஞ்சப்பன் போன் செய்தார்.

“கால ஊனவே மாட்டுதும்மா. கட்டு பிரிச்ச அன்னிக்கி நிக்கறன்னு எறங்குச்சி, மடங்கி வுழுந்துடுச்சி. அதுலருந்து கட்டில வுட்டு எறங்க மாட்டேங்குது. இப்டியே வுட்டா கால் வெளங்காம பூடும்னு டாக்டரு சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

மறுபடி குதிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தேன். மூன்றாவது இதழின் மற்றப் பக்கங்களெல்லாம் முடிந்திருந்தன, கடைசிப் பக்கம் மட்டும் நீலப் பென்சிலில் இருந்தது. கிரி ஆறு கட்டங்களில் காலை ஊன்றி எழுந்து நிற்கிறான். இன்னும் நான்கு நாளில் அச்சுக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிரி எழுந்ததைப் பார்த்தால் அவளும் எழுந்துவிடுவாள் என்று நம்பித்தான் போனேன். அதை மறைக்க விரும்பவில்லை.

சுபிதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டுப் பிரித்த கால் மற்றதில் பாதிப் பருமன்தான் இருந்தது, தோல் உரிந்து வெளுத்திருந்தது. அவள் அம்மா அன்று வியாபாரத்துக்குப் போகவில்லை. நான் பக்கத்தைச் சுபிதாவிடம் கொடுத்தேன். அவள் இந்தப் பக்கம் திரும்பி, வாங்கிப் பார்த்தாள்.

“இது பொய்யி மிஸ்.”

“எது?”

“மொதல்ல குதிகால வெக்கறான். பயந்தவன் அப்டி வெக்க மாட்டான். வெரலத்தான் வெப்பான்.”

எனக்கு அது தெரியாது. பிசியோதெரபி அறையில் நான் பார்த்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியவர்கள். முதல் தடவை ஊன்றுகிற பாதத்தை நான் பார்த்ததே இல்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு எந்த விரல் என்று கேட்டேன். கட்டைவிரல் என்றாள். பிறகு இல்லை, இருங்க என்றாள். நினைவுபடுத்திப் பார்த்தாள். அப்புறம் கையால் காலைத் தூக்கிக் கட்டிலின் விளிம்புக்குக் கொண்டுவந்தாள். அஞ்சப்பன் பிடிக்க வந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

சுண்டுவிரல் ஓரம்தான் முதலில் தரையைத் தொட்டது. பிறகு மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக. பிறகு பாதத்தின் முன்பகுதி. குதிகால் மட்டும் அந்தரத்திலேயே நின்றது. அவள் மேலுதட்டில் வேர்த்திருந்தது. என் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

“போட்டுட்டீங்களா?” என்றாள்.

போட்டு முடித்திருந்தேன். “இன்னும் இல்ல. அப்டியே இரு” என்றேன்.

அவள் குதிகாலையும் இறக்கினாள். பாரம் விழுந்ததும் வீறிட்டுக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள். தலையணைக்கு அடியிலிருந்த இதழ்களை எடுத்து என் மேல் வீசினாள். அவள் அம்மா எழுந்து வந்தார்.

“உம் படத்துக்காவ எம் புள்ளய வதைக்கறியா? எழுந்து போம்மா மொதல்ல.”

எழுந்து வந்துவிட்டேன். செய்தது சரியா என்று அன்று தெரியவில்லை. அவள் நன்மைக்காகப் பொய் சொன்னேனா, அந்தக் குதிகால் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னேனா என்று பிரித்துச் சொல்ல இப்போதும் என்னால் முடியாது. இரண்டும் இருந்தன.

வீட்டுக்கு வந்து பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மூன்று நாளில் புதிதாக வரைந்தேன். சுண்டுவிரல் ஓரம். விரல்கள். அந்தரத்தில் குதிகால். குதிகால் இறங்குவது. கிரி கட்டிலில் சாய்வது. ஆறாவது கட்டத்தில் முகமூடியைக் கழற்றி அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் அழுவது.

ஆசிரியர் துண்டுக் காகிதங்களைத் தேடினார். அந்தப் பக்கத்தில் மூடுவதற்குப் பேச்சே இல்லை. கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

“எழுந்திருக்கலையே இவன்” என்றார்.

“இல்ல சார்.”

“மூணு மாசம்னு சொல்லியிருந்தேன்.”

“தெரியும் சார். மூடறதுன்னா இந்தப் பக்கத்தோட மூடிடுங்க. அவன பொய்யா நிக்க வெச்சி முடிக்க மாட்டேன்.”

வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். அப்போது மகன் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் திரும்பி வந்து, பக்கத்தை இடதிலும் வைக்காமல், என்னிடமும் தராமல், தானே எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு இறங்கிப் போனார்.

இதழ் வந்த முதல் வாரம் ஒரு கடிதமும் இல்லை. இரண்டாவது வாரம் வரத் தொடங்கின. கையெழுத்தெல்லாம் புதிதாக இருந்தது. எழுதியவர்கள் பிள்ளைகள் அல்ல. விழுப்புரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், லாரியிலிருந்து விழுந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருப்பவர், தன் மனைவியைக் கொண்டு எழுதியிருந்தார். தான் அழுவது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது என்றும், மகன் இந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டியபோது எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டதாகவும் அதில் இருந்தது. எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், அந்தப் பக்கத்தைக் கிழித்து வார்டுச் சுவரில் ஒட்டியிருப்பதாக எழுதினார். மனு போட்ட எட்டாம் வகுப்பிலிருந்து ஒருவன் மட்டும் தனியாக, மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கிரிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை பிழைதிருத்துபவரை உட்காரச் சொல்லிவிட்டு ஆசிரியரே எல்லாக் கடிதங்களையும் படித்தார். படித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அடுத்த இதழுக்குக் கூடுதலாகப் பக்கம் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். நான்கு பக்கம் கேட்டேன். கொடுத்தார்.

சுபிதாவைப் பற்றி அஞ்சப்பன்தான் சொன்னார். நான் வந்துபோன மறுநாளே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிவிட்டாளாம். நிற்கும்போது யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாதாம். என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் பேசவில்லை. நான் இதழை மட்டும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். கிரி எழுந்து, சுவரைப் பிடித்து நின்று, கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்த இதழ் போன நான்காவது நாள் எனக்கு அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“மிஸ், ஏழாவது பக்கத்துல கோல அடிபட்ட கால் பக்கமே குடுத்துட்டீங்க. நல்ல கால் பக்கம்தான் புடிக்கணும். எனக்கு சொல்லிக் குடுத்தாங்க.”

எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அடுத்த இதழில் கிரி கோலைக் கை மாற்றிப் பிடித்தான். ஏன் மாற்றினான் என்பதையும் ஒரு கட்டத்தில் போட்டேன்.

விழுந்து பத்து மாதம் ஆனபின் கிரி மறுபடி குதிக்கிற பக்கத்தை வரைந்தேன். வேறெந்தப் பக்கத்துக்கும் நான் அவ்வளவு உழைத்ததில்லை. நான்காவது கட்டத்தை மற்ற நான்கையும் சேர்த்த அளவுக்குப் பெரிதாக வைத்தேன். முன்பாதம் பதிய, முட்டி மடங்க, இடுப்பு தாழ, ஒரு கை தரையைத் தொட, கிரி இறங்குகிறான். மை காய்ந்ததும் மரக்காணம் எடுத்துப் போனேன்.

சுபிதா பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வந்தாள். அடிபட்ட கால் கொஞ்சம் இழுத்தது. அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவளுக்கும் தெரியும். அவள் அம்மா எனக்கு டீ கொடுத்தார். அன்று திட்டியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சுபிதா பையைக் கழற்றாமலே பக்கத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எறங்கறது கரெக்டா கீது” என்றாள். பிறகு, “செவுரு எவ்ளோ ஒயரம்?” என்று கேட்டாள்.

கோட்டைச் சுவர், இரண்டு மாடி இருக்கும் என்றேன்.

“அவ்ளோ ஒயரத்துலருந்து குதிச்சா இப்டி எறங்க முடியாது மிஸ். பாதியா கொறைங்க. பாதிகூட ஜாஸ்திதான்.”

மறுநாள் வீட்டில் வெள்ளைச் சாயத்தைக் குழைத்து, நான்கு நாள் வரைந்த கோட்டைச் சுவரை மேலிருந்து அழித்துக்கொண்டே வந்தேன். ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தினேன். வெள்ளை திட்டாகத் தெரிந்தது. ஆசிரியர் அதைத்தான் முதலில் பார்த்தார். சுவரை ஏன் குறைத்தாய் என்று கேட்டார். அந்த உயரத்திலிருந்து இறங்க முடியாது சார் என்றேன். இத்தனை நாள் இறங்கினானே என்றார். இறங்கவில்லை சார், நான் வரையவில்லை என்றேன். அவர் பேச்சை மூடவில்லை, துண்டுக் காகிதத்தைத் தேடவுமில்லை. பக்கத்தின் ஓரத்தில் அச்சுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் தொடர் நடந்தது. கிரி ஓடினான், நீந்தினான், மறைந்தான், அடி வாங்கினான், குதிக்கவும் செய்தான். அந்தச் சுவரைவிட உயரமான எதன் மேலும் அவனை நான் ஏற்றவில்லை. ஏற்றச் சொல்லிக் கடைசி இதழ்வரை கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. எல்லாவற்றுக்கும் என் கைப்படப் பதில் எழுதினேன்.